மூட்டையை எரிப்பதற்கு முன்னால்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வயதானவர் ஒருவர் போய்விட்டால் அவர் படுத்த பாயும் தலையணையும் அன்றைக்கே சுடுகாட்டுப் பக்கம் போய்விடும். உடுத்தின துணிமணி கருமாதிக்குள் போகும். மிச்சமிருப்பது கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி, பரணில் முடிச்சுப் போட்ட ஒரு சொப்பிங் பேக், சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிய நாலு கடதாசி. பதினாறாம் நாளுக்கு வீடு கழுவும்போது இவையும் ஒரு மூட்டையாகி வாசலில் எரியும். யாரும் வஞ்சகமாகச் செய்வதில்லை. கறுத்துப்போன கடதாசி, வாசிக்க முடியாத சிங்களம், யாரென்றே தெரியாத போட்டோ. இதை வைத்து என்ன செய்ய என்ற நினைப்புத்தான்.

ஆனால் நம் தாத்தா, அப்பாயி, அம்மாயிமாரைப் பற்றி எழுத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மூட்டைதான். அவர்கள் பேரில் காணி உறுதி கிடையாது. டைரி எழுதியவர்கள் அபூர்வம். பேப்பரில் பேர் வந்திருந்தால் அது மரண அறிவித்தலாகத்தான் இருக்கும். ஆகவே கண்ணீர் அஞ்சலிப் பேனருக்கு எந்தப் போட்டோ என்று அடித்துக்கொள்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் நிதானமான ஒருவர், மகளோ பேரனோ, அந்தப் பெட்டிக்கும் பைக்கும் பொறுப்பெடுக்க வேண்டும். "முப்பத்தொன்று முடியும்வரை ஒரு கடதாசிகூட எரிக்கக்கூடாது" என்று பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். துணி, பாய் வழக்கப்படி போகட்டும். அதில் யாரோடும் சண்டைக்குப் போகத் தேவையில்லை. கடதாசிக்குத் தீட்டு இல்லை என்று சொன்னால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள்.

முதலில் அடையாள அட்டை. இறப்புப் பதிவுக்கும் மற்ற அலுவல்களுக்கும் அதைக் கொண்டுபோவீர்கள். ஓர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் திரும்ப வராது. கொண்டுபோவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பழைய அட்டையின் இலக்கத்திலேயே ஒரு சிறு சரித்திரம் இருக்கிறது. ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 42575 என்று தொடங்கினால் 1942இல் பிறந்த பெண், 75ஆவது நாள். இதில் எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. அப்படிப் பார்த்தால் சனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60. 75ஆவது நாள் மார்ச் 15. 28 என்று எண்ணினால் மார்ச் 16 வரும், அது பிழை. நாள் 001 என்று இருந்தால் சனவரி 1. அது உண்மையான பிறந்த நாளாகவும் இருக்கலாம், நாள் தெரியாமல் போட்டதாகவும் இருக்கலாம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் வயது எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர். 'எக்ஸ்' என்றால் அட்டை எடுத்த நேரத்தில் வாக்குரிமை இல்லாதவர். நம்மவர்களின் பழைய அட்டையில் 'எக்ஸ்' இருந்தால் அது அச்சுப் பிழையல்ல, நாடற்றவராக இருந்த காலத்தின் அடையாளமாக இருக்கலாம்.

அதற்கு அடுத்தது பிரஜாவுரிமைக் கடதாசிகள். எந்த வருடத்துக் கடதாசி என்பதை வைத்தே அவர்களுடைய வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்று ஊகிக்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துக் கிடைத்தவர்களிடம் 1950களின் சான்றிதழ் இருக்கும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பெட்டியில் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று கிடந்து, ஆள் கடைசிவரை இங்கேயே இருந்திருந்தால், இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றவர். தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு கடவுச்சீட்டு கையிலிருந்தும் வழியில்லாமல் இருந்தவர்கள் உண்டு. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்பவற்றின்கீழ் உரிமை பெற்றவர்களும் உண்டு. தாத்தாவுக்கு ஒரு சட்டம், அப்பாயிக்கு வேறொரு சட்டம் என்று ஒரே காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) இருந்திருப்பதும் சாதாரணம். "அப்பாயியோட அண்ணன் கோச்சியில (ரயிலில்) போயிட்டார்" என்று வீட்டில் சொல்வது இந்தக் கடதாசிகளோடு சேரும்போதுதான் எந்த வருடத்துப் பிரிவு என்று தெரியவரும். இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிய அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பேர் சும்மா வரவில்லை.

சம்பளச் சீட்டுகளைத்தான் முதலில் எரிப்பார்கள். எரிக்காதீர்கள். தலைப்பில் அச்சிட்ட பேரே காலத்தைச் சொல்லும். வெள்ளைக்காரக் கம்பனியின் பேர் இருந்தால் அநேகமாக 1975க்கு முந்தியது. ஏனென்றால் அந்த வருடம்தான் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசம அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கும் 1992க்கும் இடையில். 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. 1984க்கு முந்திய சீட்டில் அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் ஒரு பேருக்குரிய (ஒரு நாள் வேலைக்குரிய) கூலி வேறுவேறாக இருப்பதைப் பார்ப்பீர்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி வந்தது அந்த வருடத்தில்தான். சீட்டில் எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், கூடுதல் வேலைக்கு வாங்கிய கைக்காசு எவ்வளவு, சங்கச் சந்தா எவ்வளவு, கோயில் திருவிழாவுக்குப் பிடித்தது எவ்வளவு என்றெல்லாம் இருந்தால், ஒரு மாதத்து வாழ்க்கை அப்படியே அதில் இருக்கிறது. ஒரு குழந்தை பிறந்த மாதத்துச் சீட்டையும் அதற்கு முந்திய மாதத்துச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எத்தனை நாள் வரை மலைக்கு வேலைக்குப் போனார் என்று தெரியும். எந்த நினைவுரையிலும் இதைவிட அதிகம் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

காசு விஷயமும் இதில் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி (1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்), சேவைக்காலப் பணம் (1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்) இரண்டிலும் எடுக்காமல் விட்டது ஏதும் இருந்தால் வாரிசுகள் கேட்கலாம். கேட்கப் போகும்போது தடுப்பது பெரும்பாலும் பேர்தான்.

பேர் என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரே அம்மாயிக்குப் பிறப்புப் பதிவில் மீனாட்சி, செக்ரோலில் (தோட்டத்து ஆள்பதிவில்) மீனாச்சி, அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதியதைத் திரும்பத் தமிழாக்கினால் மினாச்சி, சேமலாப நிதியில் ஆங்கிலத்தில் வேறொன்று, வீட்டில் கூப்பிட்டது பாப்பாத்தி. காரணம் இலேசானது. பேரைச் சொன்னவர் ஒருவர், காதில் வாங்கியவர் ஒருவர், எழுதியவர் வேறு மொழிக்காரர். தகப்பன் பேரை முன்னால் போட்டதா பின்னால் போட்டதா என்பதிலும் ஒழுங்கு கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு சில இடத்தில் புருஷன் பேர் ஏறியிருக்கும்.

இதற்கு ஒரு பேர்த்தாள் எழுதுங்கள். ஒரு கொப்பித் தாளில் நாலு கட்டம்: பேர் எழுதியிருக்கும் விதம் (எந்த மொழியிலோ அந்த எழுத்திலேயே), எந்தக் கடதாசியில், எந்த வருடம், அது இப்போது யார் கையில். எது சரியான பேர் என்று முடிவுகட்டி மற்றதை அடிக்க வேண்டாம். எல்லாமே அவர்தான். கல்லறையில் எந்தப் பேர் வெட்டுவது என்று கேட்டால், கூப்பிட்ட பேரையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து வெட்டுங்கள் என்பேன். நாற்பது வருடம் கழித்துத் தேடி வருகிற கொள்ளுப்பேத்திக்குப் பாப்பாத்தி என்றுதான் தெரிந்திருக்கும்.

தோட்டத்தின் பேரிலும் இதே சிக்கல். கடதாசியில் ஆங்கிலப் பேர், ஆட்களின் வாயில் தமிழ்ப் பேர், அதற்குள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்று டிவிஷன் பேர். மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். டிவிஷனை விட்டுவிட்டால் பின்னால் லயத்தை (வரிசை வீட்டை) கண்டுபிடிக்க முடியாது. இப்போது சில லயங்களே இல்லை, தனிவீடு வந்துவிட்டது.

இனிப் போட்டோ. மலைநாட்டில் போட்டோவுக்கு எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதன் 65 – 70 வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். நுவரெலியா, மஸ்கெலியாப் பக்கம் மழைக்காலத்தில் இது கேட்க வேண்டியதில்லை. கண்ணாடி போட்டு மாட்டிய பழைய படத்தில் தாளின் மேற்பூச்சு ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்கவே உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியில் போய்விடும், தாள் மட்டும் கையில் வரும். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி தெறித்தால் ஒரு கறுப்புத் துணியை உங்களுக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள்.

படம் எடுக்க ஸ்டுடியோ தேவையில்லை. பனி மூடியிருக்கும் காலையில் இஸ்தோப்பு (முன் விறாந்தை) தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். மூட்டத்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழும், நிழல் விழாது; கொழும்புக்காரர்கள் காசு கொடுத்துச் செய்வது இங்கே சும்மா கிடைக்கிறது. ஃபிளாஷ் போடாதீர்கள். போனைப் படத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். முழு ஏ4 தாளை 300 புள்ளி நுணுக்கத்தில் எடுக்க ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும், இப்போதைய சாதாரண போனே தாராளம். முதுகுப் பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, ஊர், சிலசமயம் தேதி அங்கேதான் இருக்கும். ஹட்டன் முத்திரையோடு உள்ள படத்தையும் பண்டாரவளை முத்திரையோடு உள்ள படத்தையும் ஒரே தோட்டக் கதைக்குள் போட்டுக் குழப்பாமல் இருக்க அது உதவும். 1970, 80களின் கலர்ப் படங்கள் சிவந்து போயிருந்தால் அதில் நீலச்சாயம் முதலில் மங்கிவிட்டது என்று அர்த்தம். மங்குவது நிற்காது, ஆகவே அவற்றை முதலில் எடுங்கள்.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைச் சுருக்கிவிடும். 'டொக்யுமென்ட்' என்று தெரிவுசெய்து அனுப்புங்கள். கோப்பின் பேரை வருடத்தில் தொடங்குங்கள், 1974 என்று, தெரியாவிட்டால் 197_ என்று. அப்போதுதான் தானாக வரிசையில் நிற்கும். ஒரு பிரதி போனில், ஒன்று பென்டிரைவில், ஒன்று கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் ஒரு சொந்தத்திடம்.

சிலர் பாசத்தில் கெடுக்கிறார்கள். பழைய பத்திரத்தை லெமினேட் பண்ணுவது முதல் குற்றம். சூடு மையைக் கெடுக்கும், உள்ளே சிக்கிய ஈரம் வெளியே வராது, பிறகு பிரிக்கவும் முடியாது. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது இரண்டாவது. சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். நனைந்ததை அடுப்பு மேலே காயப் போடுவது மூன்றாவது. புகைக் கரியும் படியும், தாளும் சுருளும். நிழலில், காற்றோட்டத்தில், முகம் மேலே இருக்க ஒவ்வொன்றாய்க் காய வையுங்கள். வைப்பதற்குப் பிளாஸ்டிக் பை வேண்டாம், கடதாசி உறை போதும். உறைகளை ஒரு மூடி இறுகிய டப்பாவில் போட்டு ஈரமுறிஞ்சிப் பொட்டலம் போடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வந்த பழைய பொட்டலம் எப்போதோ ஈரம் குடித்து முடித்திருக்கும், அதை நம்ப வேண்டாம். முதுகில் பேர் எழுத மெல்லிய பென்சில்தான். போல்பொயின்ட் பேனா முன்பக்கம் வரை பள்ளம் விழுத்தும். முதுகு வழுவழு என்று பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் புதுப் படங்களில் பென்சில் ஏறாது. அவற்றுக்கு உறைமேல் எழுதுங்கள்.

அவர்கள் பாவித்த போன் இருந்தால் அதைச் சின்னப் பேரனுக்குக் கேம் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள், 'ரீசெட்' செய்யவும் வேண்டாம். குரல் அதில்தான் இருக்கிறது. உங்களுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்களையும் இன்றைக்கே வெளியே எடுத்துச் சேமியுங்கள். 120 நாள் தொடாமல் கிடந்த வாட்ஸ்அப் கணக்கு அழிக்கப்பட்டுவிடலாம்.

குரல் பதிவு கிடையாது என்றால் அடுத்த வழி அவர்களோடு மலையில் நின்றவர்கள். ஒரே கேங்கில் கொழுந்து எடுத்தவர்கள், கவ்வாத்து வெட்டியவர்கள் (செடியைக் கத்தரித்தவர்கள்), ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) நின்றவர்கள். இவர்களும் வயதானவர்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது. போகும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட், வெற்றிலை பாக்கு. நேரம் காலை ஒன்பதுக்குள் அல்லது வேலை இல்லாத நாள்; மத்தியானத்துக்குப் பிறகு மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்காது. போனை ஒரு மடித்த துவாய்மேல், பேசுகிறவரின் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். ஃபிளைட் மோட். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், யார் பேசுகிறார் என்று நீங்களே சொல்லிப் பதிவுசெய்யுங்கள். இதை விட்டால் பத்து வருடத்தில் யார் குரல் என்றே தெரியாமல் போகும்.

"எங்க அம்மாயி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க தம்பி" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். கை வேலையைக் கேளுங்கள். "ஆச்சி, முதல் நிறுவைக்கு அம்மாயி எத்தனை கிலோ கொண்டுவருவாங்க? எந்த நிரையில நிப்பாங்க? மட்டக்கம்பு (கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு) எதுல செஞ்சது? கங்காணியோட சண்டை போட்டாங்களா, எதுக்கு? அட்டை கடிச்சா என்ன தேய்ப்பாங்க? தேத்தண்ணிப் போத்தல எங்க ஒளிச்சு வைப்பாங்க?" இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும். அதற்குமேல் ஆச்சிக்கு இருமல் வரும்.

ஒப்பாரி வேறு விஷயம். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக்கூடாது என்பது பெரியவர்களின் கணக்கு. சும்மா போய் "அன்னைக்குப் பாடினதைப் பாடுங்க" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது நியாயம்தான். பிணத்துக்கு முன்னால் போனை நீட்டுவதும் அசிங்கம். பதினாறு அன்று அல்லது திவசத்தன்று, முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும், அல்லது வீட்டுக்கு வெளியே ஒரு மரத்தடியில். ஒப்பாரியில் உறவுமுறை, ஊர்ப் பேர், செய்த தொழில் எல்லாம் வரும், கவனித்துக் கேட்டால் குடும்ப மரமே அதில் இருக்கும். தாத்தா தப்பு அடித்தவராகவோ காமன் கூத்தில் ரதியாகவோ மதனாகவோ கட்டியவராகவோ இருந்தால், உடன் ஆடியவர்களைக் கொண்டு அடிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்: சாவு அடி ஒன்று, சாமி அடி ஒன்று, பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) கூப்பிட அடித்தது ஒன்று. தப்பை முதலில் நெருப்பில் காய்ச்சிக்கொள்ளச் சொல்லுங்கள். நம் ஈரத்தில் தோல் தொய்ந்து போயிருக்கும், காய்ச்சாமல் அடித்தால் தொப்பென்று கேட்கும்.

இந்தியாவில் எந்த ஊர் என்ற கேள்விக்கு "திருச்சிப் பக்கம்" என்பது பதில் ஆகாது. ஊர்ப் பேர் மட்டும் போதாது. புதூர், புதுப்பட்டி என்று எத்தனையோ ஊர்கள். தாலுகாவோ பக்கத்துச் சந்தை ஊரோ, குலதெய்வத்தின் பேரும் அது இருக்கும் இடமும், கூட்டிவந்த கங்காணியின் பேரும் கிடைத்தால் நூல் பிடிக்கலாம். குலதெய்வம்தான் பலமான நூல். ஊரை மறந்தவர்கள்கூடப் பிள்ளைக்கு மொட்டை போடும்போது அந்தப் பேரைச் சொல்லியிருப்பார்கள். பழைய கடதாசியில் உள்ள மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடாதீர்கள். அன்றைய சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கோச்சியேறிப் போன சொந்தங்களைத் தேடுவதென்றால் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்தில் தொடங்குங்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழக அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள் அந்த நீலகிரிப் பக்கத்தில்தான்.

சமாதிக்கு அவசரப்படாதீர்கள். இதில்தான் அதிகம் காசு வீணாகிறது. மண் மூடிய குழி பெட்டி உக்கும்போது இறங்கும். மூன்றாம் மாதமே சீமெந்து போட்டால் நடுவில் வெடித்து ஒரு பக்கம் சாயும். குறைந்தது ஒரு பருவமழை அதன்மேல் பெய்யட்டும், ஒரு வருடம் விட்டால் இன்னும் நல்லது. வேலைக்கு ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் சூன் முதல் ஆகஸ்ட் வரை தோது. அதற்கு முன் தோட்டத்து ஆபீசில் சொல்லி அனுமதி வாங்குங்கள், காணி அவர்களுடைய பொறுப்பில் இருக்கிறது.

அந்த ஒரு வருடத்தில் இடம் தவறிவிடக்கூடாது. நட்ட பலகை உக்கிவிடும், காட்டுச்செடி மூடிவிடும், பக்கத்தில் புதுக்குழி வந்தால் அடையாளமே மாறும். போனில் இடத்தைக் குறித்துவைப்பது நல்லது, ஆனால் மரத்தடியில் அது அஞ்சு பத்து மீட்டர் தவறும். அந்தத் தூரத்துக்குள் நாலு குழி இருக்கும். ஆகவே நகராத இரண்டு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒரு பாறை, ஒரு மதகு என்று. தலைமாட்டிலிருந்து இரண்டுக்கும் டேப் பிடித்து அளந்து, சென்டிமீட்டர் வரை எழுதிவையுங்கள். பின்னால் அந்த இரண்டு அளவையும் பிடித்தால் கோடு வெட்டுகிற இடம் தலைமாடு. கோடுகள் இரண்டு பக்கமும் வெட்டும், ஆகவே பாறையையும் மதகையும் இணைக்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

கட்டும்போது சீமெந்து 1, மணல் 2, சல்லி 4. சரிவின் மேல் பக்கம் ஒரு கான் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். கான் இல்லாத சமாதியின் அடிமண்ணை இரண்டு மழை அரித்துவிடும். பெயின்டில் எழுதிய பேர் மழைக்கு நிற்காது. விரலால் அழுத்தினால் தடம் விழுந்து விரலில் ஒட்டாத பதத்தில் ஆணியால் அரைச் சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பேரைக் கீறுங்கள். நம் குளிரில் அந்தப் பதம் வரத் தாமதிக்கும், கொத்தனாரைச் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள். பிறகு ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டுவையுங்கள்.

கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, கவ்வாத்துக் கத்தி, மட்டக்கம்பு: எல்லாவற்றையும் வைத்திருக்கக் காம்பராவில் இடம் இருக்காது. ஒன்றைத் தெரிவு செய்யுங்கள், கை பட்டுத் தேய்ந்ததை. கத்திக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள். கூடைக்கு அடியில் மஞ்சள் நிறத் தூள் உதிர்ந்து கிடந்தால் வண்டு துளைக்கிறது என்று அர்த்தம். வெயிலில் காய வைத்து, பழைய ஆட்கள் செய்த மாதிரி குசினி அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள், புகைக்கு வண்டு வராது. வீட்டில் இடமே இல்லையென்றால் கம்பளைக்குக் கிட்டப் பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே பேசிப் பார்க்கலாம். அச்சுக் கடதாசிகள், திருவிழா நோட்டீஸ், சங்கத் துண்டுப்பிரசுரம் போன்றவை இருந்தால் 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் உண்டு.

திவசத்துக்கு ஆங்கிலத் தேதி பிடிப்பதா திதி பிடிப்பதா என்று வீட்டுக்கு வீடு வழக்கு. எதைப் பிடித்தாலும், உயிர் போன நேரத்தை மணி நிமிடத்தோடு அன்றைக்கே எழுதிவையுங்கள். திதி நடு இரவில் மாறுவதில்லை, பகலிலும் மாறும். காலையில் தசமி, மத்தியானம் ஏகாதசி என்று இருக்கும். தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி, நட்சத்திரம் நாலும் ஒரே வரியில். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் சிலசமயம் வேறுபடும், முதல் வருடம் எதைப் பார்த்தீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். திதி அடியோடு தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை இருக்கிறது.

படையலுக்குச் சமைக்கிறவர் அவர்களோடு ஒரே குசினியில் நின்றவராக இருக்கட்டும். "ஒரு சுண்டு மா" என்றால் எந்த டின் என்று கேட்டு, அந்த டின்னை நிரப்பித் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். "ஒரு கை உப்பு" என்றால் அவர் கையில் எடுத்ததையும் நிறுங்கள். ரொட்டியைத் தடிப்பாகத் தட்டினாரா, தேங்காய்ப்பூ மாவிலேயே போட்டாரா, சம்பலுக்கு மாசி போட்டாரா, சுடுதண்ணியிலா பச்சைத்தண்ணியிலா பிசைந்தார். சாராயம், சுருட்டு, வெற்றிலை எதைத் தொட்டாரோ அதையும் வையுங்கள், ஐயர் பார்ப்பார் என்று மறைக்க வேண்டாம். பிளேன்டீ வைக்கும்போதும் கவனம்: உள்ளங்கையில் சீனியை வைத்துத் தொட்டுத் தொட்டுக் குடித்தவருக்குக் கோப்பையில் சீனி கலக்கக்கூடாது. சாயம் தனியே, சீனி பக்கத்தில் ஒரு கரண்டி.